கோடு போட்ட எண்

"உங்க வேலையை இன்னொரு தடவை சொல்லுங்க. எனக்குச் சரியாப் புரியல."

"பழைய ராணுவத் துப்பாக்கியோட மரக்கட்டையைப் பார்த்து, அது எங்கெங்க இருந்துச்சு, எந்த மாதிரி ஆள் வச்சிருந்தார்னு சொல்றது."

"மரத்தைப் பார்த்தா? துப்பாக்கின்னா இரும்பு இல்லையா?"

"இரும்பு அவ்வளவா வாய் திறக்காது. மரம்தான் பேசும். முத்திரை, நம்பர், வெட்டு, ஒட்டு, கீறல்னு எல்லாம் அதுலதான் இருக்கும்."

"சரியாப் போச்சு. என் தொழில்ல ஒரு கீறல் இருந்தா சரக்கு வீண். உங்க தொழில்ல கீறல் இல்லேன்னா சரக்கு வீண். நமக்கு ஒத்துவருமாங்க?"

அவள் சிரித்த சிரிப்பில் டீ தளும்பி மேசையில் கொட்டியது. அவர் உடனே சட்டைப் பையிலிருந்து கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணியை எடுத்து மேசையைத் துடைத்தார். டீ போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவள் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் அவர்கள் முதல்முறை சந்தித்தபோது பேசியது இது. அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மனைவியை இழந்தவர். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். அவளோ கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் வீட்டில் யாரும் கேட்பதையே விட்டுவிட்ட நிலையில் இருந்தவள். அவளுடன் வேலை செய்யும் தோழி ஒருத்தி அவரிடம் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் இரண்டு பக்கமும் பேசி வைத்திருந்தாள்.

எழுந்து போகும் முன் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். நீங்க வர்றதுக்குள்ள வீட்டைச் சுத்தமா மாத்திடுவேன். பழசு எதுவும் உங்க கண்ணுல படாது. அது என் பொறுப்பு."

'படட்டுமே' என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. முதல் சந்திப்பிலேயே வாயாடி என்று நினைத்துவிட்டால்? "சரிங்க," என்றாள்.

அந்த 'படட்டுமே' அன்று தொண்டையில் உட்கார்ந்ததுதான், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அவர் சொன்னபடியே செய்திருந்தார். கல்யாணமாகி அவள் காலடி வைத்தபோது வீடு புதுப் பெயின்ட் வாசனையில் மூக்கைத் துளைத்தது. திரைச்சீலை புதிது, சமையலறை டப்பாக்கள் புதிது, படுக்கை விரிப்பு புதிது. வாழ்ந்துபோன ஒருத்தியின் ஒரு ஹேர்பின்கூட எங்கும் இல்லை. நல்ல மனசுதான், சந்தேகமே இல்லை. ஆனால் சாயங்கால வெயில் கூடத்து ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழுந்த முதல் நாளே அவள் பார்த்துவிட்டாள். எதிர்ச் சுவரில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே, பட்டி வைத்து அடைத்த இரண்டு ஆணித் துளைகள். நேர் வெளிச்சத்தில் தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில் கொசு கடித்த தடிப்பு மாதிரி எழுந்து நின்றன. மேற்பரப்பைப் படித்தே சம்பளம் வாங்குகிறவளிடமிருந்து எதை மறைக்க முடியும்?

மகளை எல்லாரும் 'வாலு' என்றே கூப்பிட்டார்கள். பெயருக்குக் குறை வைக்காத பெண். வந்த வாரமே அவளை "சித்தி" என்று ஒட்டிக்கொண்டாள். இருவரும் சேர்ந்து அவரை வம்புக்கு இழுப்பது, அவர் கண்ணாடியை அவர் தலையிலேயே வைத்துக்கொண்டு தேடும்போது கூடவே தேடுவது போல நடிப்பது என்று வீடு கலகலப்பாகத்தான் போனது. ஆனால் வாலுவின் பேச்சு அவ்வப்போது நடுவில் தடுக்கி நிற்கும். "இந்தக் கலர்ல அம்மாகிட்ட ஒரு..." என்று ஆரம்பித்து, அப்பாவை ஒரு பார்வை, சித்தியை ஒரு பார்வை பார்த்து, "ஒண்ணுமில்ல," என்று முடியும். அந்த 'ஒண்ணுமில்ல'வை அவர் கேட்டதாகவே காட்டிக்கொள்ள மாட்டார். சட்டை நுனியில் கண்ணாடியைத் துடைப்பார்.

ஒருநாள் அவர் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கடைக்கு எடுத்துப் போனாள். கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. அவர் கல்லாவுக்குப் பின்னால், மேல் இழுப்பறையைத் திறந்து வைத்துக்கொண்டு, மஞ்சள் துணியால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். சட்டம் போட்ட படம். சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண், கையில் மொட்டைத் தலைக் குழந்தை. கண்ணாடிக்கு வலித்துவிடும் போல அவ்வளவு மெதுவாகத் துடைத்தார்.

அவள் சத்தமில்லாமல் படியிறங்கிப் போய், செருப்பைத் தேய்த்துக்கொண்டு, இருமிக்கொண்டு மறுபடி ஏறி வந்தாள். இழுப்பறை மூடியிருந்தது.

"என்ன, சாப்பாடா? மறந்தே போச்சு பாரு," என்றார்.

அன்றே கேட்டிருக்கலாம். அக்கா படத்தை வீட்டுக்குக் கொண்டு வாங்க என்று. அவளுக்குள் அந்தப் பெண் எப்போதோ 'அக்கா' ஆகிவிட்டிருந்தாள். ஆனால் கேட்டால் அவர் என்ன நினைப்பார்? பெரிய மனசு காட்டுகிறாள் என்றா? ஆழம் பார்க்கிறாள் என்றா? அதையும் தாண்டி, யாரிடமும் சொல்லாத ஒரு பயமும் இருந்தது. படம் கூடத்துக்கு வந்துவிட்டால், தினமும் அந்தச் சிரிப்புக்குக் கீழே நடமாடுகிற தான் கொஞ்சம் சின்னவளாகிப் போய்விடுவோமோ? கேட்காமல் இருப்பதற்கு இத்தனை காரணங்கள் இருந்தன. வருஷங்கள் போய்க்கொண்டே இருந்தன.

இப்போது வாலுவுக்கு வேறு ஊர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள். கூடத்தில் பெரிய பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது.

அந்த வாரத்தில்தான் அருங்காட்சியகத்துக்கு ஒரு பேக்கரிக்காரர் வந்தார்.

அவளுடைய வேலை அறை அருங்காட்சியகத்தின் பின்கட்டில் இருந்தது. நீள மேசை, அதன்மேல் கம்பளி விரிப்பு, வளைகிற கழுத்துள்ள விளக்கு, டார்ச், பூதக்கண்ணாடி. சுவரோரம் மரத் தாங்கிகளில் குழல் அடைக்கப்பட்ட பழைய துப்பாக்கிகள். பேக்கரிக்காரர் மாவுச் சாக்கில் சுற்றிய நீளமான பொருளை, தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போலக் கம்பளியில் கிடத்தினார்.

"எங்க அப்பாவோடதுங்க. பட்டாளத்துலேருந்து வரும்போது குழலை அடைச்சு, நினைவா வச்சுக்கோன்னு குடுத்தாங்களாம். இங்க குடுத்துடணும்னு அவருக்கு ஆசை. இப்ப அவர் இல்ல. அதான் நான்..."

சாக்கை விலக்கினார். கட்டை முழுக்கக் கருஞ்சிவப்பு வார்னிஷில் புது நாற்காலிக் கால் மாதிரி மின்னியது.

"பளபளன்னு இருக்கா?" என்றார் பெருமையாக. "சோபா பண்றவர் ஒருத்தர் பழக்கம். உப்புத்தாள் போட்டு நல்லா இழைச்சு, ரெண்டு கை பாலிஷ் குடுத்தார். குடுக்கறது குடுக்கறோம், அழுக்காவா குடுக்கறது?"

முகம் கழுவி வா என்றால் முகத்தையே கழற்றி வைத்துவிட்டு வந்தது போல இருந்தது அவளுக்கு. டார்ச்சைக் கட்டையோடு கட்டையாகச் சாய்த்து வைத்து, ஒளியை மேலே ஓடவிட்டுப் பார்த்தாள். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. தொழிற்சாலையில் சோதித்துக் குத்தும் கண்காணிப்பாளர் முத்திரை இருக்க வேண்டிய இடம் மொழுமொழுவென்று இருந்தது. எண் இருக்க வேண்டிய இடமும் அப்படியே.

"அப்பா எந்த நம்பர்னு ஏதாவது சொல்லியிருக்காரா?"

"நாப்பத்தேழு!" பதில் பாய்ந்து வந்தது. "துப்பாக்கியை வரிசையா அடுக்குல நிறுத்துவாங்களாம். அதுல அவர் இடம் நாப்பத்தேழு. சைக்கிள் பூட்டு, பெட்டிப் பூட்டு எல்லாத்துக்கும் அதே நம்பர்தான். பேக்கரிக்கே 'நாப்பத்தேழு'ன்னு பேர் வைக்கச் சொன்னார். ஏம்ப்பா, ரொட்டி அந்த வருஷத்துலேருந்து இருக்குதுன்னு நெனைச்சுக்குவாங்கப்பான்னு நான்தான் மறுத்துட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். அப்போதுதான் 'கேப்டன்' உள்ளே வந்தார். அருங்காட்சியகத் தலைவர். பட்டாளத்து வாசலைக்கூட மிதித்ததில்லை. மீசை காரணமாக அமைந்த பட்டம். கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மன்னிக்கணும்," என்றார், உண்மையான வருத்தத்தோடு. "அடையாளம் ஒண்ணுமே மிஞ்சலையே. யாரோடதுன்னு எதை வச்சு எழுதறது? இப்படியே காட்சிக்கு எடுக்க முடியாதுங்க."

பேக்கரிக்காரரின் கை கட்டையின் மேலேயே நின்றது. "அப்ப நானேதான் அப்பாவை அழிச்சுட்டேனா? நல்லா இருக்கணும்னுதானே செஞ்சேன்..."

நல்லா இருக்கணும்னுதானே. அவளுக்கு மஞ்சள் துணி ஞாபகம் வந்தது.

"வச்சுட்டுப் போங்க," என்றாள். "நாளைக்கு மத்தியானம் வாங்க. நம்பர் வரும்னு நான் சொல்லல. பார்க்கறேன்னு மட்டும் சொல்றேன்."

அவர் போன பிறகு, பஞ்சில் ஸ்பிரிட் தோய்த்து வார்னிஷைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். தோளில் பதிகிற பின்முனைக்கு வந்தபோது, சிவப்புச் சாயத்துக்கு அடியிலிருந்து மயிரிழை போல ஒரு கோடு குறுக்கே வெளிப்பட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் மரத்தின் ரேகை ஒரு திசையில் ஓடியது, அந்தப் பக்கம் வேறு திசையில். ஒட்டு. இரண்டு விரல் அகலத்துக்கு வேறு மரத்துண்டு ஒன்றை வைத்து, மர ஆணி அடித்து இணைத்திருந்தார்கள். சோபாக்காரர் வேலை இல்லை. பழைய வேலை, நல்ல வேலை.

எண் மட்டும் இன்னும் வரவில்லை. அதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. ஆனால் அவர்கள் தொழிலில் அது கூடவே கூடாத காரியம். கட்டைக்கு ஆவி காட்டக் கூடாது. ஈரத் துணி போட்டுச் சூடு வைத்தால் நசுங்கிய மரம் உப்பி மேலே வரும். பள்ளம் நிரம்பும், கூடவே முத்திரையும் நிரம்பிக் காணாமல் போகும். வேலைக்குச் சேருகிற யாருக்கும் முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

ஆனால் இங்கே பள்ளமே இல்லையே. எண்ணை அடித்த இரும்பு அச்சு மேல் மரத்தை மட்டுமா நசுக்கியிருக்கும்? அடியில் இருப்பதையும் நசுக்கியிருக்கும். உப்புத்தாள் மேல்பரப்பைத்தான் தின்றது. அடியில் நசுங்கியது அப்படியே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தால்?

கேப்டனிடம் கேட்டாள். "ஆவியா? நீயா கேக்கற?" என்று மீசையைத் தடவினார். "சரி, இதுக்கு மேல போறதுக்கு அதுல என்ன இருக்கு. கட்டை டாக்டர் ஆபரேஷன்னு சொன்னா நான் கையெழுத்துப் போடறவன்தானே."

மறுநாள் பேக்கரிக்காரர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து வராந்தாவில் உலாத்திக்கொண்டிருந்தார். கையில் ஒரு பை பன். "சும்மா வர மனசு வரல," என்றார். அவர் கையில் டார்ச்சைக் கொடுத்து, எப்படிச் சாய்க்க வேண்டும் என்று காட்டினாள். எண் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நனைத்துப் பிழிந்த துணியை மடித்து வைத்து, இஸ்திரிப் பெட்டியின் முனையை வைத்தாள். 'ஸ்ஸ்' என்று ஆவி கிளம்பியது. எடுத்தாள். ஒன்றுமில்லை. மறுபடி நனைத்து, மறுபடி வைத்தாள்.

மூன்றாவது முறை துணியை எடுத்தபோது டார்ச் வெளிச்சம் எதிலோ தடுக்கியது.

"மாவு மாதிரி உப்புதுங்க!" என்று கத்தினார் பேக்கரிக்காரர். "அடுப்புக்குள்ள பாக்கற மாதிரியே இருக்கு!"

மரம் மெல்ல எழுந்துகொண்டிருந்தது. பள்ளமாக இருந்த எண், இப்போது மேடாக. முதலில் ஒன்று. பக்கத்தில் இரண்டு.

"பன்னெண்டு," என்றார். குரல் இறங்கிவிட்டது. "அப்ப இது அப்பாவோடது இல்லையா? வேற யாரோடதோவா?"

"அவசரப்படாதீங்க."

துணியைச் சற்றுக் கீழே நகர்த்தி வைத்தாள். பன்னிரண்டின் குறுக்கே ஒரு நேர்க்கோடு எழுந்தது, மழுங்கிய உளியால் ஒரே அடியில் போட்டது. அதற்கு நேர் கீழே நான்கு. அதன் பக்கத்தில் ஏழு.

பேக்கரிக்காரர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆவி பட்டுடுச்சு," என்றார்.

"ஆமா, ரொம்ப ஆவி," என்றாள் அவளும், தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டார். "அந்தப் பன்னெண்டு யாருங்க?"

"பேர் தெரியாது. உங்க அப்பாவுக்கு முன்னாடி இதை வச்சிருந்தவர். உயரம் கம்மி, கை நீளம் கம்மி. அவருக்காகப் பின்னாடி கொஞ்சம் வெட்டியிருக்காங்க. அப்புறம் உங்க அப்பா கைக்கு வந்திருக்கு. அப்பா நல்ல உயரமா?"

"வாசல்ல குனிஞ்சுதான் வருவார்!"

"அதான். வெட்டின இடத்துல ஒரு துண்டு வச்சு ஒட்டியிருக்காங்க, பாருங்க. ஒருத்தருக்காக வெட்டினது, இன்னொருத்தருக்காக ஒட்டினது."

அவர் ஒட்டுக்கோட்டின் மேல் விரலை ஓட்டினார். "பன்னெண்டுக்குக் கோடு போட்டது... அவர் வேண்டாம்னு அடிச்சதா?"

"இல்லைங்க. வேண்டாம்னா செதுக்கியே எடுத்திருக்கலாம், அது சுலபம். ஆனா செதுக்க மாட்டாங்க. ஒரு கோடு மட்டும் போட்டு, கீழ புது நம்பர் அடிப்பாங்க. முன்னாடி இவர் இருந்தார், இப்ப இவர் இருக்கார். ரெண்டும் படிக்கத் தெரியணும். மேல இருக்கறதைச் செதுக்கிட்டா, கீழ இருக்கறவருக்கும் பிடிமானம் இல்லாம போயிடும்."

சொல்லி முடித்த பிறகு, தன் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை அடுத்தவர் பேசக் கேட்டது போல இருந்தது அவளுக்கு.

"தெனமும் கன்னத்துக்குப் பக்கத்துலயே இருந்திருக்கும், இல்ல?" என்றார் பேக்கரிக்காரர். "அப்பா பார்க்காமலா இருந்திருப்பார்? பலகையில எழுதும்போது ரெண்டு நம்பரையும் போட்டுடுங்க. அப்பா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார்."

கேப்டன் ஒரு பன்னைக் கடித்துக்கொண்டே தலையாட்டினார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது வாலு பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"சித்தி, நீங்களும் வந்து உக்காருங்க. நீங்க கொஞ்சம் வெயிட்டு."

"வாயைப் பாரு. உள்ள என்னத்தைத் திணிச்சிருக்க?"

"நீங்க திணிச்சதுதான். ரெண்டு போர்வை எதுக்கு? அங்க என்ன பனியா பெய்யுது?"

இருவருமாக உட்கார்ந்தார்கள். பெட்டி முனகியதே தவிர மூடவில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே வாலு சொன்னாள். "நான் போனதும் அப்பாவை நீங்கதான் பேச வைக்கணும். அவரா ஒண்ணும் சொல்ல மாட்டார். உள்ளயே வச்சுப் பூட்டிக்குவார்."

"நீ மட்டும் என்னவாம்?"

வாலு பெட்டியின் பட்டையை முறுக்கினாள். "ஹாஸ்டல்ல எல்லாரும் கட்டில் பக்கத்துல வீட்டுப் படம் ஒட்டிக்குவாங்களாம். நம்ம மூணு பேரும் இருக்கற படத்தை எடுத்து வச்சிருக்கேன்." பட்டையை இன்னொரு சுற்று முறுக்கி, "அது போதும்," என்றாள்.

போதாது என்று அந்தக் குரல் சொன்னது.

அவர் கடையிலிருந்து வந்தார். ஒரு பெட்டியின் மேல் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "பஸ் எப்ப கிளம்புது?" என்று கேட்டுவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். ஜன்னல் வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

அவள் பேக்கரிக்காரர் கதையைச் சொன்னாள். வார்னிஷ், ஆவி, உப்பி வந்த பன்னிரண்டு, கோடு, நாற்பத்தேழு. வாலு வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒட்டுப் போட்டதால கட்டை பலவீனமாயிடலையா?" என்றார்.

"ஒட்டுப் போட்டதாலதான் அவர் தோளுக்குச் சரியா உக்காந்துச்சு."

"பாவம், அந்த மகன். நல்லதுன்னு நெனைச்சுத்தானே பாலிஷ் போட்டார்."

"ஆமாங்க. பாசத்துல போட்டதுதான். பாசத்துலதான் அவ்வளவு சுத்தமா இழைக்க முடியும்."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

அவள் பெட்டியிலிருந்து எழுந்தாள். கைப்பையில் இருந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு எதிர்ச் சுவருக்குப் போய், சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தாள். பெயின்டுக்கு அடியிலிருந்து இரண்டு சின்னத் தடிப்புகள் எழுந்தன.

"இங்க ஒண்ணு. இங்க ஒண்ணு," என்றாள். "முதல் ஆணி கோணலாப் போயிருக்கு. ரெண்டாவதுதான் சரியா இறங்கினது."

"முதல் ஆணியை நான்தான் பிடிச்சேன்!" வாலு துள்ளி எழுந்தாள். "அப்பா அடிச்சாரா, அது அப்படியே வளைஞ்சுபோச்சு. அதைப் பார்த்து அம்மா..." வழக்கமான இடத்தில் பேச்சு தடுக்கியது. அப்பாவை ஒரு பார்வை. சித்தியை ஒரு பார்வை. "ஒண்ணுமி..."

"சொல்லு," என்றாள் அவள்.

"அம்மா சிரிச்சாங்க. கீழ உக்காந்து, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, நிறுத்தாம சிரிச்சாங்க."

அந்த வீட்டில் அவள் வந்ததிலிருந்து முழுதாக முடிந்த முதல் வாக்கியம் அது. அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. கண்ணாடி இல்லாத அவர் முகம் சின்னப் பையன் முகம் போல இருந்தது. மஞ்சள் துணி கீழே விழுந்து கிடந்தது, எடுக்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்று மட்டும் அவளிடம் கேட்டார்.

அவள் டார்ச்சை அணைத்தாள். அணைத்த பிறகும் சாயங்கால வெயிலில் இரண்டு தடிப்புகளும் தெரிந்துகொண்டே இருந்தன. அவள் போய்க் குனிந்து துணியை எடுத்து, மடித்து, அவர் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, கடையில மேல் இழுப்பறையில அக்கா படம் இருக்கு. நாளைக்கு வரும்போது எடுத்துட்டு வாங்க. வாலு கிளம்பறதுக்குள்ள அதை இந்தச் சுவத்துல மாட்டணும்."